ஏலத்தில் போனவையும் ஊரில் நின்றவையும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊரில் பெயர்பெற்ற கார் அருங்காட்சியகம் இருந்தது. அதைத் தொடங்கியவர் இறந்துபோனார், கார்கள் ஏலத்தில் சிதறின, கதவு மூடப்பட்டது. பின்னாளில் அதன் நினைவாக அதே ஊரில் ஒரு புதிய கட்டடம் எழுந்தது. பெரும்பாலான கார்கள் கைவிட்டுப் போன பிறகு அந்தக் கட்டடம் எதைக் கௌரவிக்கிறது? முகப்பில் கொஞ்சம் குரோமியம் பட்டை ஒட்டிவிட்டால் அது நினைவுச்சின்னம் ஆகிவிடுமா?

ஆகாது. ஆனால் குரோமியம் பட்டையோடு வேறு சிலவும் சேர்ந்தால் ஆகும். இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, இப்படி நடந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ரீனோ நகரம்தான் அந்த இடம்.

பில் ஹாரா சூதாட்ட விடுதிகள் நடத்தியவர். 1937இல் ரீனோவுக்கு வந்து பிங்கோ என்ற எண் சூதாட்டம் நடக்கும் ஒரு சின்னக் கடையில் தொடங்கி, ரீனோவிலும் டாஹோ ஏரிக்கரையிலும் பெரிய விடுதிகளை எழுப்பினார். 1948இல் பழைய கார் வாங்கத் தொடங்கினார். முதலில் வந்தவை ஒரு மாக்ஸ்வெல்லும் ஒரு ஃபோர்டு மாடல் டியும். அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை. ரீனோவை ஒட்டியுள்ள ஸ்பார்க்ஸ் ஊரில் பெரிய பெரிய கிடங்குகளில் கார்களை வரிசையாக நிறுத்தி, 1962இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். உச்சத்தில் ஏறத்தாழ 1,400 வண்டிகள் அங்கே இருந்தன. ஒரே நாளில் அத்தனையையும் பார்த்து முடிக்க யாராலும் ஆகாது.

எண்ணிக்கை மட்டும்தான் பெருமை என்றால் அது வெறும் பணக்காரனின் கொட்டகை. ஹாராவின் இடம் அப்படி இருக்கவில்லை. ஒரு காரைச் சீர்செய்யும் முன், அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது எப்படி இருந்தது என்று தேடிக் கண்டுபிடிக்க அவர் தனியாக ஒரு நூலகமே வைத்திருந்தார். விற்பனைக் கையேடுகள், பழுதுபார்ப்புக் குறிப்புகள், பாகங்களின் பட்டியல்கள், பழைய புகைப்படங்கள் எல்லாம் அங்கே சேர்ந்தன. பக்கத்திலேயே பட்டறை. எஞ்சின் பிரிப்பவர், மரச்சட்டம் செய்பவர், தோல் இருக்கை தைப்பவர், பெயின்ட் அடிப்பவர் என்று எல்லாரும் ஒரே கூரையின் கீழ். ஒரு திருகாணியின் தலை எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று பட்டறையில் சந்தேகம் வந்தால், நூலகத்துக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடரலாம். காரும் காகிதமும் கைவேலையும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. இந்த அமைப்புதான் அந்த அருங்காட்சியகம் என்பது என் எண்ணம். கீழே சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

1978இல் ஹாரா இறந்தார். 1980இல் அவருடைய நிறுவனத்தை ஹாலிடே இன் என்ற ஹோட்டல் நிறுவனம் வாங்கியது. விடுதிகளோடு கார்களும் கைமாறின. கார்களை விற்றுவிடப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் நெவாடா மக்கள் கொதித்துப்போனார்கள். மாநில ஆளுநர் வரை விவகாரம் போனது. சேகரிப்பை ஊரிலேயே வைத்திருக்க ஓர் அறக்கட்டளை உருவானது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: 175 வாகனங்களும் ஆய்வு நூலகமும் ஊருக்குக் கொடையாகத் தரப்பட்டன. மீதியில் பெரும்பகுதி 1984, 1985, 1986 என்று மூன்று ஆண்டுகள் நடந்த ஏலங்களில் போயிற்று.

அந்த ஏலத்தின் சூட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காரைப் பார்த்தால் போதும். புகாட்டி ராயல் என்று ஒரு கார் உண்டு. உலகில் இன்று ஆறுதான் இருக்கின்றன. அதில் இரண்டு ஹாராவிடம் இருந்தன. அவற்றில் ஒன்றான, 'பெர்லின் த வொயாஜ்' என்ற பெயருள்ள கார் 1986 ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் சீக்கிரமே அதை 81 லட்சம் டாலருக்கு டாமினோஸ் பீட்சா நிறுவனர் டாம் மோனஹனுக்குக் கைமாற்றினார். குறுகிய காலத்தில் 16 லட்சம் டாலர் ஏற்றம். அந்த நேரத்தில் பழைய கார் என்பது முதலீட்டுப் பொருளாக மாறிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் 175 வண்டிகளை ஏலக்காரரின் சுத்தியலுக்குத் தப்ப வைத்து ஊரில் நிறுத்தியது பெரிய சாதனை. 1,400இல் 175 தானா என்று சிலர் குறைபட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. 175ஐயும் நூலகத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்கினார்களே, அங்கேதான் அவர்களின் புத்தி தெரிகிறது.

இனி கட்டடத்துக்கு வருவோம். 1989 நவம்பரில், ரீனோவின் நடுவில், டிரக்கி ஆற்றங்கரையில் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பெயரோடு 'ஹாரா சேகரிப்பு' என்பதும் சேர்ந்தே வரும். பரப்பளவு சுமார் 1,05,000 சதுர அடி. கட்டடத்தின் முனைகள் பழைய கார்களின் மட்கார்டு போல வளைந்திருக்கும், ஓரங்களில் குரோமியம் பளபளக்கும். சுவரின் நிறத்துக்கு 'ஹெதர் ஃபயர் மிஸ்ட்' என்று பெயர். அது 1950களின் கார்களில் அடித்த நிறம். கட்டடத்துக்குப் பெயின்ட் கடை அட்டையில் நிறம் தேடாமல் கார் நிற அட்டையில் தேடியிருக்கிறார்கள்.

இது பார்க்க அழகாக இருக்கிறது. நானும் ரசிக்கிறேன். ஆனாலும் கார் மாதிரி கட்டடம் கட்டுவது மரியாதையின் சுலபமான பகுதி. ஒரு நல்ல வடிவமைப்பாளரும் கொஞ்சம் பணமும் இருந்தால் போதும். கடினமான பகுதி உள்ளேதான் இருக்கிறது.

உள்ளே நான்கு காட்சிக்கூடங்கள், நடுவே பல்வேறு காலத்துத் தெருக்கள். 1900களின் தெரு, 1930களின் தெரு, 1950களின் தெரு என்று கடை முகப்புகளோடு அமைத்திருக்கிறார்கள். கார்கள் தெருவோரமாக நிற்கின்றன. ஸ்பார்க்ஸ் கிடங்கில் இது கிடையாது. அங்கே தயாரிப்பு நிறுவனத்தின் வரிசைப்படி கார்கள் நெருக்கி நின்றன. பார்ப்பவர் ஃபோர்டுக்குப் பின் ஃபோர்டு, பக்கார்டுக்குப் பின் பக்கார்டு என்று ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்பதைக் கண்ணால் படிக்கலாம். 175 கார்களை வைத்துக்கொண்டு அந்த வரிசையைக் காட்ட முடியாது. வரிசை உடைந்துவிட்டது. அதனால்தான் தெருக்கள். இழப்பை மறைக்காமல், கையில் இருப்பதற்குப் பொருத்தமான வேறொரு கதையைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பழைய கிடங்கையே சின்ன அளவில் நகல் எடுத்திருந்தால் பல் விழுந்த வாய் போல இடைவெளிகள்தான் தெரிந்திருக்கும்.

அந்தக் கூடங்களில் நிற்கும் ஒரு காரை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். 1907ஆம் ஆண்டின் தாமஸ் ஃப்ளையர். நான்கு சிலிண்டர், 60 குதிரைத்திறன். 1908 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்திலிருந்து பாரிஸுக்கு ஒரு கார்ப் பந்தயம் கிளம்பியது. ஆறு கார்கள்: பிரான்சிலிருந்து மூன்று, இத்தாலி, ஜெர்மனி, அமெரிக்காவிலிருந்து ஒவ்வொன்று. பனிக்காலத்தில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்து, கப்பலேறி, ஜப்பான் வழியாக சைபீரியாவின் சேற்றில் இறங்கி, மாஸ்கோவும் பெர்லினும் தாண்டிப் போக வேண்டும். அலாஸ்கா வழியாகவும் போகச் சொல்லியிருந்தார்கள். தாமஸ் ஃப்ளையர் மட்டும் அங்கே போய்ப் பார்த்து, பனியில் கார் நகராது என்று தெரிந்து திரும்பியது. ஜூலை 30 அன்று பாரிஸை அடைந்தது. மொத்தம் 169 நாட்கள். ஜெர்மனியின் புரோட்டோஸ் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது; ஆனால் வழியில் ரயிலில் ஏற்றியதற்காகவும் அலாஸ்காவுக்குப் போகாததற்காகவும் அதற்கு 30 நாள் தண்டனை. வெற்றி அமெரிக்கக் காருக்கு. பாரிஸுக்குள் நுழையும்போது முன்விளக்கு எரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். வழியில் போன ஒருவர் தன் சைக்கிளைக் கொடுக்க, விளக்கோடு அந்த சைக்கிளையே காரில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள்.

காரைச் செய்த தாமஸ் நிறுவனம் சில ஆண்டுகளில் நொடித்தது. உலகைச் சுற்றிய கார் 1913இல் நிறுவனத்தின் மற்ற சாமான்களோடு ஏலத்தில் போனது. பின்னாளில் அது நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டனில் ஹென்றி ஆஸ்டின் கிளார்க் நடத்திய லாங் ஐலண்ட் ஆட்டோமோட்டிவ் மியூசியத்துக்கு வந்து, அங்கிருந்து 1964இல் ஹாராவிடம் போனது. கிளார்க்கின் அந்த அருங்காட்சியகமும் 1980இல் மூடப்பட்டுவிட்டது. ஆக, மறைந்த ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய், அதுவும் மறைந்த பிறகு மூன்றாவதில் நிற்கிறது இந்தக் கார்.

ஹாராவிடம் வந்தபோது அது உண்மையிலேயே பந்தயத்தில் ஓடிய கார்தானா என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. பந்தயத்தில் அதை ஓட்டிய மெக்கானிக் ஜார்ஜ் ஷுஸ்டர் அப்போதும் உயிரோடு இருந்தார். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. அவரை நெவாடாவுக்கு வரவழைத்தார்கள். முதலில் அவர் நம்பவில்லை. காரைப் பிரித்துப் போட்டு, பெயின்டையும் துருவையும் சுரண்டி, சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், வெளிப்பட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது. வழியில் சட்டம் விரிசல் விட்டபோது அவரே போட்ட ஒட்டு அங்கே அப்படியே இருந்தது. ஐம்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு தன் கை வேலையைத் தானே அடையாளம் கண்டார்.

இங்கே ஹாராவின் பட்டறை எடுத்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன். வழக்கமாக அவர்கள் காரைப் புதுக்கார் போல மினுக்குவார்கள். இந்தக் காரை அப்படிச் செய்யவில்லை. பாரிஸில் வந்து நின்ற அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆக்கினார்கள். தேய்ந்த, அடிபட்ட, ஊர்சுற்றிய கார். இன்றும் அப்படித்தான் நிற்கிறது. இடையில் ஒரு செய்தி: அந்தப் பந்தயத்துக்கு அறிவித்த ஆயிரம் டாலர் பரிசு ஷுஸ்டரின் கைக்கு வந்தது 1968இல்தான். அறிவித்த சங்கம் காணாமல் போய்விட்டதால் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அதைக் கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து அவர் காலமானார்.

இப்போது கேள்விக்குத் திரும்புவோம். தாமஸ் ஃப்ளையர் ஏதோ ஒரு தனியார் மாளிகையின் கராஜில் இருந்திருந்தாலும் கார் அழிந்திருக்காது. கார்கள் பொதுவாக அழிவதில்லை. விலை இருக்கும்வரை யாராவது பார்த்துக்கொள்வார்கள். அருங்காட்சியகம் மூடும்போது அழிவது பெயின்டைச் சுரண்டி ஒட்டைக் கண்டுபிடித்த கதை, அதைச் சொல்லும் கோப்பு, எந்த ஒட்டு யார் போட்டது என்று தெரிந்த ஆட்கள். கார் ஒரு பக்கம், அதன் காகிதம் இன்னொரு பக்கம் போய்விட்டால் ஐம்பது ஆண்டில் அது வெறும் அழகான இரும்பு. ஆகவே மறைந்த அருங்காட்சியகத்தைக் கௌரவிக்கும் கட்டடம் என்றால், நான் முதலில் கேட்பது: நூலகம் எங்கே? ரீனோவில் நூலகம் காரோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அதனால் அந்தக் கட்டடத்துக்கு ஹாரா பெயரைச் சுமக்கும் தகுதி இருக்கிறது என்பேன்.

கிளார்க் விஷயத்தில் நடந்தது வேறு. அவருடைய நூலகமும் பிழைத்தது, ஆனால் ஊரில் இல்லை. டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆய்வாளர்களுக்கு அதில் நஷ்டம் இல்லை. சவுத்தாம்ப்டனுக்குத்தான் நஷ்டம். அரைவட்டக் கூரை போட்ட தகரக் கொட்டகைகளில் அந்தக் கார்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே இப்போது கார்களும் இல்லை, காகிதங்களும் இல்லை.

கலிபோர்னியாவின் காஸ்டா மேசாவும் இப்படித்தான். பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்ற பந்தய வீரர் 1966இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். படகுப் பந்தயத்தில் அமெரிக்காஸ் கப்பை வென்றவர், தன் பெயரிலேயே கார் செய்து பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டியவர். அவரும் 1950இல் இரண்டு புகாட்டி ராயல்களை புகாட்டி குடும்பத்திடமிருந்து வாங்கினார். விலையில் ஒரு பகுதியாக இரண்டு புது ஃபிரிட்ஜ்கள் கொடுத்தார் என்பது கார் உலகில் எல்லாருக்கும் தெரிந்த கதை. போருக்குப் பிந்தைய பிரான்சில் ஃபிரிட்ஜ் கிடைப்பது அவ்வளவு அரிது. அவற்றில் ஒன்றுதான் பின்னாளில் ஹாராவிடம் போன, நான் மேலே சொன்ன பெர்லின் த வொயாஜ். மற்றொன்று, கெல்னர் என்ற நிறுவனம் செய்த மேற்கூடு பொருத்தியது, காஸ்டா மேசாவிலேயே இருந்தது. 1986 முடிவில் அருங்காட்சியகம் மூடப்பட்டு, சேகரிப்பு மைல்ஸ் காலியரிடம் போய், இன்று ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸில் ரெவ்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற பெயரில் இருக்கிறது. கெல்னர் ராயல் மட்டும் 1987 நவம்பரில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 55 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. நேப்பிள்ஸில் கார்களை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார்கள், ஆய்வு நூலகமும் இருக்கிறது. ஹாரா வைத்திருந்த அந்த மூன்றும், அதாவது காரும் காகிதமும் கையும், அங்கே சேர்ந்தே இருக்கின்றன. ஊர்தான் மாறிவிட்டது.

ஊர் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் பிரான்சின் மியூலூஸ் நகரத்தைக் காட்டுவேன். ஷ்லம்ஃப் சகோதரர்கள் தங்கள் நூற்பாலைப் பணத்தில் ஏறத்தாழ 400 கார்களை ரகசியமாகச் சேர்த்தார்கள். ஆலை நொடித்தது, சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977இல் வேலை இழந்த தொழிலாளர்கள் உள்ளே புகுந்து இடத்தைக் கைப்பற்றி, தொழிலாளர் அருங்காட்சியகம் என்று பெயர் வைத்துத் தாங்களே மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். மறு ஆண்டு அரசு அந்தச் சேகரிப்பை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிரித்து விற்க முடியாமல் போனது. 1982இல் முறையாகத் திறந்தது. இரண்டு ராயல்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தப் பழைய ஆலைதான் இன்றைக்கும் கட்டடம். தங்கள் சம்பளத்திலிருந்து மிச்சம் பிடித்த காசுதான் அந்தக் கார்கள் என்று தொழிலாளர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு வேறு எந்த ஊரிலும் அந்தக் கார்களைச் சுற்றி இருக்க முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். இப்படி ஒரு நினைவுக் கட்டடம் எங்காவது எழப்போகிறது, அதில் யாராவது உங்களிடம் யோசனை கேட்கிறார்கள் என்றால் நான் வற்புறுத்தும் சில விஷயங்கள் உண்டு.

மூடப்பட்ட அன்று இருந்த முழுப் பட்டியலையும் சுவரில் போடுங்கள். விற்ற கார் உட்பட. எந்தக் கார் எங்கே போனது என்று தெரிந்தவரை எழுதுங்கள், தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். பார்வையாளர்களில் யாராவது ஒருவர் அந்தக் காலியிடத்தை நிரப்ப வருவார். பழைய இடத்தில் வேலை செய்த மெக்கானிக்குகளையும் பெயின்டர்களையும் இப்போதே பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். ஷுஸ்டரைப் போல எல்லாரும் 99 வயது வரை இருப்பதில்லை. பட்டறைக்கு ஒரு மூலையாவது ஒதுக்குங்கள், கண்ணாடித் தடுப்பு போட்டு வேலை நடப்பதை மக்கள் பார்க்கும்படி. சின்னப் பிள்ளைகள் நின்று பார்ப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கட்டடத்தைப் பொறுத்தவரை, வெளியே எவ்வளவு கண்ணாடி போட்டாலும் சரி, நேர் வெயில் கார் மேல் படக்கூடாது. தோல் இருக்கையும் துணியும் உள்ள இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் போகாமல் பார்ப்பது அருங்காட்சியக வழக்கம். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்காமல் ஒரே சீராக, 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஏறினால் இரும்பு துருப்பிடிக்கும், இறங்கினால் மரச்சட்டமும் தோலும் வெடிக்கும். பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைத்தால் பிசின் மாதிரி கெட்டிப்பட்டு கார்புரேட்டரை அடைத்துவிடும், தீ அபாயம் வேறு. நிற்கும் காரின் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும், ஆகவே அச்சைத் தாங்கி நிறுத்த வேண்டும். இன்னொன்று, பலர் மறப்பது: கதவு. நடுவில் நிற்கும் ஒரு காரை வெளியே எடுக்க மற்ற பத்தை நகர்த்த வேண்டியிருந்தால் அந்தக் கார் இனி ஓடவே ஓடாது. ஓட்ட நினைப்பவர்கள் கதவை முதலில் வரைவார்கள், முகப்பை அப்புறம்.

ஸ்தாபகரின் ரசனையையும் விட்டுவிடாதீர்கள். ரீனோவில் ஜெராரி என்று ஒரு வண்டி இருக்கிறது. ஹாரா ஒரு ஜீப் வாகனீரில் ஃபெராரி எஞ்சினைப் பொருத்தச் செய்தார், பனியிலும் வேகமாகப் போக வேண்டும் என்று. முதலாவது 1969இல் செய்தது, அருங்காட்சியகத்தில் இருப்பது 1977இன் வண்டி. கார் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் கிடையாது. ஆனால் அதன் பக்கத்தில் நின்றால் பில் ஹாரா எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு நிமிடத்தில் புரியும். அதே கூடங்களில் அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் டைமேக்சியன் என்ற மூன்று சக்கரக் கார் நிற்கிறது. செய்தது மூன்று, எஞ்சியது இது ஒன்றுதான். கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் தானே ஒரு புது டைமேக்சியன் செய்ய விரும்பியபோது, இந்தக் காரைத்தான் இரவல் வாங்கி அளந்தார்; பதிலுக்கு அதன் உட்புறத்தைச் சீர்செய்து திருப்பிக் கொடுத்தார். அந்தப் புதுக் கார் 2010இல் முடிந்தது. ஸ்பார்க்ஸ் கிடங்கின் கதவு மூடிக் கால் நூற்றாண்டு ஆகியும், காரைப் பார்த்து அளந்து கற்றுக்கொண்டு இன்னொன்று செய்யும் வேலை ஹாராவின் காரை வைத்தே நடந்திருக்கிறது.